தீ எழுதிய சட்டங்கள் – 12: இரண்டாம் எண் சரக்கறை

சென்ற வாரம் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நிறுத்தியிருந்தோம். 1917 டிசம்பர் 6 காலை. மான்ட் பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பலின் உள்ளறைகளில் பிக்ரிக் அமிலமும் டி.என்.டி.யும் இருந்தன. அவற்றுக்கு மேலே, திறந்த தளத்தில், பென்சால் பீப்பாய்கள். இன்னொரு கப்பலோடு மோதியதில் பீப்பாய்கள் உடைந்து தீப்பற்றின. எரியும் கப்பலைப் பார்க்க ஊரே சன்னலோரம் வந்து நின்றது. கப்பலில் என்ன இருக்கிறது என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி கம்பத்தில் இல்லை. 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எளிதில் எரிவதையும் எளிதில் வெடிப்பதையும் ஒன்றாக அடுக்கக்கூடாது என்பதைக் கப்பல் உலகம் அன்று அறிந்துகொண்டது. அறிந்ததை இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு போர் மறக்கடித்தது. இந்த வாரம் நாம் போகும் இடம் பம்பாய், விக்டோரியா கப்பல்துறை.

* * *

ஃபோர்ட் ஸ்டிகீன். 7,142 டன் கொள்ளளவு கொண்ட சரக்குக் கப்பல். 1942-இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் நகரில் கட்டப்பட்டது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க அவசர அவசரமாகக் கட்டி இறக்கப்பட்ட கப்பல்களில் இதுவும் ஒன்று.

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கேப்டன் அலெக்சாண்டர் நைஸ்மித். கப்பலில் 1,395 டன் வெடிபொருள்கள்: பீரங்கிக் குண்டுகள், கண்ணிவெடிகள், டார்பிடோக்கள். இவற்றில் 238 டன், சிறு வெப்பத்துக்கும் அதிர்ச்சிக்கும் வெடிக்கக்கூடிய ‘ஏ’ வகை. பெட்டிகளில் பிரித்து அடைத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் உண்டு. இவை எல்லாவற்றோடும் 31 மரப்பெட்டிகளில், பெட்டிக்கு நான்காக 124 தங்கக் கட்டிகள். அன்றைய மதிப்பு சுமார் 8,90,000 பவுண்டு.

ஜிப்ரால்டர், போர்ட் சையது வழியாகக் கப்பல் பத்திரமாகக் கராச்சி வந்து சேர்ந்தது. இதுவரை நடந்ததில் பெரிய தவறு எதுவும் இல்லை. வெடிமருந்துக் கப்பல் என்பது ஆபத்தானதுதான். ஆனால் வெடிமருந்து தானாகப் பற்றிக்கொள்வது அரிது. பக்கத்தில் நெருப்பு வேண்டும்.

அந்த நெருப்புக்கான விறகு கராச்சியில் ஏறியது.

* * *

கராச்சியில் விமானங்களையும் வேறு சில சரக்குகளையும் இறக்கியதும் கப்பலில் இடம் காலியானது. போர்க்காலத்தில் கப்பல் இடம் தங்கத்துக்குச் சமம். ஒரு அடிகூட வெறுமையாகப் போகக்கூடாது. பம்பாய் ஆலைகள் பஞ்சுக்குக் காத்திருந்தன. பஞ்சாப், சிந்துப் பஞ்சை ரயிலில் பம்பாய்க்கு அனுப்பத் தடை இருந்ததால் வியாபாரிகளுக்குக் கடல் ஒன்றே வழி.

ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள் ஏறின. மசகெண்ணெய்ப் பீப்பாய்கள் ஏறின. மரம், கந்தகம், பழைய இரும்பு, மீன் உரம், அரிசி, குங்கிலியம் எல்லாம் ஏறின.

கேப்டன் நைஸ்மித் சும்மா இருக்கவில்லை. எரியக்கூடியதும் வெடிக்கக்கூடியதுமாகக் கலந்து ஏற்றுவதற்குத் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தார். பயன் இல்லை. போர் நடக்கிறது, சரக்கு போயாக வேண்டும்.

அந்த எதிர்ப்புதான் இந்த வரலாற்றில் என்னை உலுக்கும் இடம். எச்சரிக்கை எழுந்தது. எழுப்பியவர் கப்பலின் தலைவர். கேட்டவர்களுக்கும் புரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் பொதிகள் ஏறின.

இரண்டாம் எண் சரக்கறையின் அடித்தளத்தில் பஞ்சு அடுக்கப்பட்டது. அதற்கு மேல் தட்டில் வெடிபொருள்கள். அவற்றின் அண்டையில், எஃகுப் பெட்டகத்துக்குள், தங்கம் இருந்த மரப்பெட்டிகள். நடுவே இருந்தது ஒரு தளத்தின் கனம் மட்டுமே.

கோவையிலோ ராஜபாளையத்திலோ பஞ்சாலைக் கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அடுக்கின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. பொதியில் பிடித்த தீ லேசில் அணையாது. அழுத்திக் கட்டிய பொதிக்குள்ளும் இழைகளுக்கு இடையே காற்று இருக்கும். அந்தக் காற்றிலேயே கனன்றுகொண்டிருக்கும். பச்சைப் பஞ்சின் மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். மேலே அணைந்தது போலத் தெரிந்த பொதி மறுநாள் மறுபடி புகையும். அதனால்தான் தீப்பிடித்த பொதியை வெட்டவெளிக்கு உருட்டிக்கொண்டு போய், கட்டை வெட்டிப் பிரித்துப் போட்டு, நாள் கணக்கில் கண்காணிப்பார்கள்.

கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும் பொதியை எங்கே உருட்டிக்கொண்டு போவது?

* * *

ஏப்ரல் 12 அன்று ஃபோர்ட் ஸ்டிகீன் பம்பாய் வந்தது.

அமைதிக்காலமாக இருந்தால் இந்தக் கப்பலைத் துறைக்குள் விட்டிருக்க மாட்டார்கள். வெடிமருந்துக் கப்பல் கரையிலிருந்து தள்ளி நடுநீரில் நிற்க வேண்டும். சரக்கை சிறு படகுகளில் இறக்கிக் கொண்டுவர வேண்டும். இதுதான் வழக்கம். வழக்கம் வந்ததற்குக் காரணமும் வெளிப்படையானது: வெடித்தால் கப்பலோடு போகட்டும், ஊர் தப்பட்டும்.

ஆனால் அப்படி இறக்கினால் நாள் பிடிக்கும். பர்மா முனைக்கு ஆயுதம் போயாக வேண்டிய நேரம். விதி தளர்த்தப்பட்டது. நெரிசலான நகரத்தின் ஓரத்தில், தானியக் கிடங்குகளுக்கும் குடிசைகளுக்கும் அருகில், மற்றக் கப்பல்கள் வரிசையாக நின்ற விக்டோரியா துறையின் முதல் தளத்தில் 1,395 டன் வெடிபொருளோடு கிளம்பிய கப்பல் கட்டப்பட்டது.

கம்பத்தில் சிவப்புக் கொடி பறக்கவில்லை. ஹாலிஃபாக்ஸில் இல்லாத அதே கொடி. பக்கத்துக் கப்பல்களின் மாலுமிகளுக்குத் தங்கள் அண்டை வீட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

இரண்டு நாள் கழிந்தது. மற்றச் சரக்குகள் இறங்கத் தொடங்கியிருந்தன. வெடிபொருளில் பெரும்பகுதி இன்னும் கப்பலிலேயே இருந்தது.

* * *

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை.

பகல் உணவு இடைவேளை முடிந்து சுமைத் தொழிலாளர்கள் திரும்பியிருந்தார்கள். பிற்பகல் 2 மணி வாக்கில் இரண்டாம் எண் சரக்கறையில் புகை தெரிந்தது.

எப்படிப் பற்றியது? யாரோ புகைத்துப் போட்ட துண்டிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்பதே விசாரணையில் வலுத்த கருத்து. பேர் தெரியாத ஒரு தொழிலாளியின் விரலிடுக்கில் இந்தப் பேரழிவை வைத்துவிட்டுப் போவது எளிது. பல கட்டுரைகள் அப்படியே செய்கின்றன. நான் அதை ஏற்கமாட்டேன். பஞ்சு மட்டும் இருந்த கப்பலில் அந்தத் துண்டு விழுந்திருந்தால் ஒரு பஞ்சுத் தீயோடு கதை முடிந்திருக்கும். பொறி எங்கும் விழும் என்று எண்ணித்தான் சரக்கை அடுக்க வேண்டும். சேமிப்பு விதி என்பதே அந்தப் பொறிக்காக எழுதப்படுவது.

கப்பலின் குழாய்களிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. துறைமுகத்தின் தீயணைப்பு வண்டிகள் வந்தன. பிறகு பம்பாய்த் தீயணைப்புப் படையின் வண்டிகள் மேலும் மேலும் வந்தன. படையின் தலைவர் நார்மன் கூம்ஸ் தாமே வந்து நின்றார்.

தீ எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அடர்ந்த புகை. உள்ளே இறங்க வழியில்லை. புகை வருகிற பக்கம் பார்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். 900 டன்னுக்கு மேல் ஊற்றினார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். அடித்தளத்தில் பஞ்சு எரிகிறது. அறையில் தண்ணீர் ஏறுகிறது. பஞ்சுப் பொதி தண்ணீரில் மிதக்கும். மேலே கனன்றுகொண்டிருக்கும் பொதிகளைத் தண்ணீர் அப்படியே தூக்கியது. ஏறிய ஒவ்வொரு அடியிலும் தீ, மேல்தட்டிலிருந்த வெடிபொருளை நோக்கி நகர்ந்தது. காப்பாற்ற வந்தவர்கள் உயிரைக் கொடுத்து ஊற்றிய நீரே நெருப்பை வெடிமருந்திடம் கொண்டு சேர்த்தது.

அடுக்கு தலைகீழாக இருந்திருந்தால், அல்லது பஞ்சு வேறொரு அறையில் இருந்திருந்தால், அதே தண்ணீர் அவர்களுக்குத் துணை நின்றிருக்கும்.

கப்பலின் வெளிப்புறத்தில் ஒரு பகுதியில் மட்டும் சாயம் கொப்புளித்து உரியத் தொடங்கியது. உள்ளே தீ இருக்கும் இடத்தைக் கப்பலே காட்டிக்கொடுத்தது. அந்த இடத்தில் தகட்டை வெட்டித் துளையிட்டால் நேராகத் தீயின் மேலேயே நீரைப் பாய்ச்சலாம். வாயு வெட்டுக் கருவி கொண்டுவரப்பட்டது. அது வேலை செய்யவில்லை.

* * *

அந்த இரண்டு மணி நேரத்தில் கப்பல்தளத்தில் நின்றவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்களிடம் மூன்று யோசனைகள் இருந்தன.

வெடிமருந்தின் குணம் தெரிந்த ராணுவ அதிகாரி, கப்பலை உடனே மூழ்கடிக்கச் சொன்னார். துறைமுக நிர்வாகத்தின் தரப்பில், கப்பலை இழுத்துக்கொண்டுபோய் வெளிக்கடலில் விட வேண்டும் என்றார்கள். தீயணைப்புப் படைத் தலைவர், தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றினால் தீயை அடக்கிவிடலாம் என்று நம்பினார்.

மூன்றிலும் நியாயம் இருந்தது, மூன்றிலும் தடையும் இருந்தது. மூழ்கடிக்கத் துறையில் ஆழம் போதாது. அடிப்பகுதி தரைதட்டி, மேல்தட்டு நீருக்கு மேலேயே நின்றுவிடலாம். இழுத்துச் செல்ல நேரம் வேண்டும். பாதி வழியில் வெடித்தால் துறைமுக வாயிலே அடைபடும். தண்ணீர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் பார்த்தோம்.

ஆயினும் எந்த ஒரு முடிவும், முடிவின்மையைவிட மேலாக இருந்திருக்கும். குறைந்தபட்சம் துறையைக் காலி செய்திருக்கலாம். பக்கத்துக் கப்பல்களுக்குச் சொல்லியிருக்கலாம். வேடிக்கை பார்த்து நின்றவர்களை விரட்டியிருக்கலாம். இவற்றுக்குக் கருவி வேண்டாம், ஆழம் வேண்டாம், ஒரு உத்தரவு போதும்.

உத்தரவிட யாருக்கு அதிகாரம்? கப்பல் கேப்டனுடையது. துறை நிர்வாகத்துடையது. தீ, படைத் தலைவருடையது. சரக்கு ராணுவத்துடையது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு குரல் அந்த இடத்தில் இல்லை.

பிற்பகல் 3.50. நெருப்பு அறையிலிருந்து மேலே பீறிட்டது. கப்பலைச் சுற்றிக் கிடந்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கப்பலை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. மாலுமிகள் இறங்கினார்கள். தீயணைப்பு வீரர்கள் பலர் குழாயை விடவில்லை.

பதினாறு நிமிடங்கள்.

* * *

மாலை 4.06.

கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தொலைவில் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. நெடுந்தொலைவில் சிம்லாவில் நிலநடுக்கக் கருவியின் ஊசி ஆடியது. ஜப்பானியர் குண்டு போடுகிறார்கள் என்று எண்ணிப் பம்பாய் மக்கள் ஓடினார்கள்.

தளத்தில் நின்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிரிழந்தார்கள். கராச்சியில் எதிர்ப்புத் தெரிவித்த கேப்டன் நைஸ்மித்தும் அந்த வெடிப்போடு போனார்.

கடல்நீர் சுவராக எழுந்து மற்றக் கப்பல்களைத் தூக்கி அடித்தது. ஜலபத்மா என்ற கப்பலின் பின்பகுதி கரையிலிருந்த கொட்டகையின் மேல் போய் விழுந்தது. எரியும் பஞ்சுப் பொதிகளும் பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டுகளும் ஊரின் மேல் பொழிந்தன. விழுந்த இடமெல்லாம் புதிய தீ. குடிசைகள் பற்றின, கிடங்குகள் பற்றின.

அணைக்க யார் இருக்கிறார்கள்? நகரத்தின் தீயணைப்பு வண்டிகளில் கணிசமானவை கப்பலுக்குப் பக்கத்தில்தான் நின்றன.

4.34. கப்பலின் மீதிப் பாதி வெடித்தது. இது முன்னதைவிடப் பெரிது. முதல் வெடிப்பில் அடிபட்டவர்களைத் தூக்க ஓடி வந்தவர்களை இது பிடித்துக்கொண்டது.

தங்கக் கட்டிகள் பறந்தன. ஒன்று, துறையிலிருந்து வெகு தூரம் தள்ளி ஒரு வீட்டின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. பல ஆண்டுகள் கழித்தும் துறைமுகத்தைத் தூர்வாரும்போது கட்டிகள் கிடைத்தன. இந்தத் தங்கக் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அன்று எரிந்த தானியத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் உணவு தானியம் சாம்பலானது. வங்கப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைத் தின்று ஓராண்டுகூட முழுதாக ஆகாத நேரம் அது. பம்பாயில் அரிசி கள்ளச் சந்தைக்குப் போனது.

* * *

தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாள் ஆனது. பிறகு 8,000 பேர் ஏழு மாதம் உழைத்து, சுமார் ஐந்து லட்சம் டன் இடிபாடுகளை அகற்றித் துறையை மீட்டார்கள்.

துறைமுகப் பணியாளர்கள், தீயணைப்புப் படையினர் என்று கணக்கிடப்பட்ட இறந்தோர் 231 பேர். பொதுமக்கள் 500-க்கு மேல். மொத்த சாவு 1,300 வரை இருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. காயம்பட்டோர் 2,500-க்கு மேல். அழிந்த கப்பல்கள் 13.

இவ்வளவும் நடந்த நகரத்தின் செய்தி வெளியே போகவில்லை. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாகச் சொன்னது. இங்கே போர்க்காலத் தணிக்கை, மே இரண்டாம் வாரம் வரை நிருபர்களின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. எதிரிக்குத் தெரிந்தது, சொந்த மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

விசாரணைக் குழு அமைந்தது. காரணம் மூன்று என்றது. ஒன்று, போரின் தேவைக்காக வெடிமருந்துக் கப்பலைத் துறைக்குள் விட்டது. இரண்டு, வெடிபொருளோடு பஞ்சை அடுக்கியது. மூன்று, தீயின் கடுமையை உணர்ந்து உடனடியாக, முழு மூச்சாக நடவடிக்கை எடுக்காதது.

மூன்றையும் குழு எடுத்துச் சொன்னது சரி. ஆனால் என் கணக்கில் அவை சமமல்ல. மூன்றாவது காரணம் அந்தத் தளத்தில் நின்று செத்தவர்களின் மேல் விழுகிறது. முதல் இரண்டும், வேறெங்கோ பாதுகாப்பாக அமர்ந்து கையெழுத்திட்டவர்களுடையவை. கராச்சியில் அந்த அடுக்கு வேறாக இருந்திருந்தால், பம்பாயில் யாரும் வீரத்தைக் காட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது.

பின்னாளில் கடல் வணிக உலகம் இதைத்தான் சட்டமாக எழுதியது. 1965-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுக் கடல்வழி ஆபத்துச் சரக்கு விதித்தொகுப்பு, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. எந்தச் சரக்குக்குப் பக்கத்தில் எது இருக்கலாம் என்பதற்கு அதில் ஒரு அட்டவணையே உண்டு. தள்ளி வைத்தால் போதுமா, வேறு அறையில் வைக்க வேண்டுமா, இடையே ஒரு முழு அறையையே விட வேண்டுமா என்று படிப்படியாக அது சொல்லும். அந்த அட்டவணையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாம் எண் சரக்கறைதான் கண்முன் வரும்.

நம் நாடு ஏப்ரல் 14-ஐத் தீயணைப்பு வீரர்களின் நினைவு நாளாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். சித்திரைப் பிறப்புக் கொண்டாட்டத்தில் நாம் இருக்கும்போது, ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் அந்த 66 பேருக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த வாரத்தில் உங்கள் ஊர் நிலையத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். எதற்காக இந்த நாள் என்று கேட்டால் சொல்வார்கள்.

* * *

பம்பாய் விசாரணை முடிந்தது, போரும் முடிந்தது. அவசரம் என்ற சாக்கு இனி இல்லை.

1947 ஏப்ரல் 16. பம்பாய் வெடித்து மூன்று ஆண்டும் இரண்டு நாளும். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பல். காலையில் ஒரு சரக்கறையில் புகை. அந்த அறையில் குண்டும் இல்லை, டார்பிடோவும் இல்லை. இருந்தது காகிதப் பைகளில் உரம்; கப்பல் முழுதும் சேர்த்து சுமார் 2,300 டன். அம்மோனியம் நைட்ரேட்.

தண்ணீர் ஊற்றினால் சரக்கு கெட்டுவிடும் என்று கேப்டன் கருதினார். சரக்கறையின் மூடிகளை இறுக மூடி, உள்ளே நீராவியைச் செலுத்த உத்தரவிட்டார். ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் 28 பேரில் 27 பேர் தளத்துக்கு வந்து நின்றார்கள். பம்பாயில் தண்ணீர் கெடுத்தது. டெக்சாஸில், தண்ணீரைத் தவிர்த்ததே கெடுக்கப் போகிறதா? வயலில் தூவும் உரம் வெடிக்கும் என்று அந்தத் துறைமுகத்தில் ஒருவருக்குமா தெரியாது?

(தொடரும்)